களைப்பின் வேரைத் தோண்டுவோம்!

சம்பளம் போட்ட மறுநாள் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள், தோழர்களே! பூக்கடையையும் புடவைக் கடையையும் தாண்டி நடந்தால், அஞ்சடியில் ஒரு மடக்கு மேசை போட்டிருக்கும். மேசை மேல் டப்பாக்கள் கோபுரம் போல் அடுக்கியிருக்கும். பக்கத்தில் ஒலிபெருக்கி முழங்கும். "உடம்பு அசதியா? கை கால் குடைச்சலா? காலையில் எழுந்திருக்க முடியவில்லையா? இதோ வேர்! காட்டு வேர்! தினம் இரண்டு கரண்டி. இருபது வயது திரும்பும்!" பிரிக்பீல்ட்சுக்குப் போனால் இதே சரக்கு கண்ணாடிக் கடைக்குள்ளே இன்னும் அழகான பெட்டியில் அமர்ந்திருக்கும். கைப்பேசியைத் திறந்தால் அங்கேயும் அதே குரல்.

வாங்குவோர் யார்? நம்மவர்தான். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடும் பால்வெட்டுத் தொழிலாளி வாங்குகிறார். மாதக் கடைசியில் செக்ரோலோடு மல்லாடிக் கண் எரியும் கிராணி வாங்குகிறார். தோட்டம் துண்டாடப்பட்டபின் போர்ட் கிள்ளானில் பன்னிரண்டு மணி நேரம் காவல் நிற்கும் நம் தம்பி வாங்குகிறார். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "ஒரே களைப்பு, அண்ணே!"

இந்தக் களைப்பைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். "சங்கப் பத்திரிகைக்கு மருந்து வேர் எதற்கு? சம்பளத்தைப் பேசுங்கள்" என்று சிலர் முணுமுணுக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறோம்: இது சம்பளப் பேச்சேதான். கணக்கைப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. சட்டப்படி 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. ஒரு டப்பா 80 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு டப்பா 160 வெள்ளி. அதாவது, மாதக் களைப்பைப் போக்கிக்கொள்ள ஒருவர் மாதத்தில் இரண்டரை நாள் களைத்து உழைக்க வேண்டும்! இந்த வேடிக்கைக் கணக்கைப் போட்டவர் யார்? இதில் கொழுப்பவர் யார்? இதைச் சங்கம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

மூலிகையை நாம் பழிக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாம் மூலிகைக்குப் பகைவர் அல்லர். லயத்துப் பின்கட்டில் துளசியும் ஓமவல்லியும் வல்லாரையும் வளர்த்து, காய்ச்சலுக்குக் கஷாயமும் சளிக்குச் சுக்குத் தண்ணீரும் வைத்துக் கொடுத்த பாட்டிமார் வளர்த்த பிள்ளைகள் நாம். மருத்துவமனை எட்டாத காலத்தில் அந்தக் கைகள்தாம் நம்மைக் காத்தன. அந்த அறிவை ஏளனம் செய்பவனை நாம் மன்னிக்கமாட்டோம்.

அமுக்கரா என்னும் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் அசுவகந்தா என்பார்கள். குதிரை வாடை உள்ளது என்று பொருள். மெலிந்த உடம்பு தேறவும், தூக்கம் வரவும், நரம்புத் தளர்ச்சி தீரவும் சித்த வைத்தியர்கள் அமுக்கராச் சூரணத்தைப் பாலில் கொடுத்து வந்திருக்கிறார்கள். இக்கால ஆராய்ச்சியும் இதைப் புறக்கணிக்கவில்லை. 2012இல் ஹைதராபாத்தில் மன உளைச்சல் கொண்ட 64 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்கு 300 மில்லிகிராம் வேர்ச்சாறு நாளுக்கு இருமுறை. மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 60 நாள் சென்றபின், வேர் உண்டவர்களின் உளைச்சல் குறைந்திருந்தது. உளைச்சலின்போது உடம்பில் ஏறும் கார்ட்டிசால் என்னும் சுரப்பும் அவர்களுக்கு ஏறத்தாழ 28 விழுக்காடு இறங்கியிருந்தது.

நம் நாட்டுக் காட்டு வேரான தொங்காட் அலிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 2013இல் வெளியான அந்த ஆய்வில் 63 பேருக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் கார்ட்டிசால் இறங்கியது. மலாய்க்காரர்கள் அந்தக் கசப்பு வேரைக் காய்ச்சலுக்கும் தளர்ச்சிக்கும் நெடுங்காலமாகக் காய்ச்சிக் குடித்து வந்திருக்கிறார்கள்.

ஆகவே, வேரில் ஏதோ இருக்கிறது. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அந்த 'ஏதோ' எவ்வளவு? அறுபதே பேர், சில வாரங்கள், உளைச்சல் சற்றுக் குறைந்தது. நாளுக்கு நானூறு முதல் அறுநூறு மரம் வரை சீவி, பால் வாளியைக் காண்டா கம்பில் சுமந்து, வருடக் கணக்காக நாலரை மணிக்கு எழும் ஒரு பெண்ணின் களைப்பை இந்த வேர் தீர்த்தது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. டப்பாக்காரர்தான் சொல்கிறார்!

மறுபக்கத்தையும் டப்பாக்காரர் சொல்வதில்லை. அமுக்கரா உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை கண்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. 2023இல் டென்மார்க் நாடு அதை உணவுப் பொருள்களில் சேர்க்கத் தடை போட்டது. கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. தைராய்டு நோய்க்காரரும், நீரிழிவு மருந்தோ ரத்த அழுத்த மருந்தோ தூக்க மாத்திரையோ உண்பவரும் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. தொங்காட் அலி வேர்ச்சாறு பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை என 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தீர்ப்புக் கூறியது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்றார்கள் நம் பெரியோர். டப்பாவோ ஆயுள் முழுதும் உண்ணச் சொல்கிறது!

யார் யாருக்கு ஒத்துப் போவது?

இந்த வகை மூலிகைகளுக்கு இன்று ஓர் ஆங்கிலப் பெயர் உலவுகிறது: 'அடாப்டோஜென்'. உடம்பை எந்தச் சிரமத்துக்கும் ஒத்துப்போகச் செய்யும் பொருள் என்பது அதன் கருத்து. இந்தச் சொல்லைப் படைத்தவர் நிக்கலாய் லாசரெவ் என்னும் சோவியத் விஞ்ஞானி, ஆண்டு 1947. அவர் வழிவந்த பிரெக்மன், சைபீரியக் காட்டு முட்செடியின் வேரை ஆராய்ந்து, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மூலிகைகளைப் பற்றி 1969இல் விரிவாக எழுதினார். யாருக்காகத் தேடினார்கள்? படைவீரருக்காக, மாலுமிக்காக, விளையாட்டு வீரருக்காக, விண்வெளி வீரருக்காக, குளிரில் உழைக்கும் தொழிலாளிக்காக. அதிகம் உழைத்தும் அசராத உடம்பு வேண்டும் என்பதே நோக்கம்.

பாட்டாளியின் பெயரால் ஆண்ட நாட்டிலேயே இப்படி என்றால், லாபத்தின் பெயரால் ஆளும் இடத்தில் கேட்கவா வேண்டும்? இங்கேதான் நமது கேள்வி பிறக்கிறது. உடம்பு வேலைக்கு ஒத்துப்போக வேண்டுமா? வேலை உடம்புக்கு ஒத்துப்போக வேண்டுமா?

இயந்திரம் சூடேறினால் நிறுத்துகிறார்கள், எண்ணெய் விடுகிறார்கள். பால் மரத்தைக்கூடத் தினம் வெட்டுவதில்லை. ஒரு நாள் வெட்டினால் மறுநாளாவது ஓய்வு கொடுக்கிறார்கள். ஓயாமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் வற்றிவிடும் என்று துரைக்கும் தெரியும், கங்காணிக்கும் தெரியும். மரத்துக்குப் புரிந்த நியாயம் மனிதனுக்குப் புரியாதா? மரத்துக்கு ஓய்வு, மனிதனுக்கு டப்பாவா?

கிள்ளான் மண் கற்பித்த பாடம்

களைப்புக்கும் காரணத்துக்கும் உள்ள உறவை நமக்குக் கற்பிக்க வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. இந்தக் கிள்ளான் மண்ணே போதும்.

1901ஆம் ஆண்டு. மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டில்தான் இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் துறைமுகம் ஸ்வெட்டன்ஹாம் பெயரில் திறக்கப்பட்டது. திறந்த கையோடு மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரைச் சுருட்டி எடுத்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் அளவுக்குப் போயிற்று. சுற்றிலும் இருந்த தோட்டங்களிலும் அதே கதி. நம் பாட்டனும் பாட்டியும் நடுங்கிக்கொண்டே நிரைக்குப் போனார்கள். பாதி வழியில் உட்கார்ந்தார்கள். கங்காணியின் வாயில் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

அப்போதும் மூலிகை இருந்தது, தோழர்களே! சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த கொயினா. அது உண்மையான மருந்து. உயிர் காத்த மருந்து. காய்ச்சல் வந்தவரைக் கொயினா எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே சதுப்பும் கொசுவும் இருக்கும்வரை காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. வாட்சன் வாய்க்கால் வெட்டச் செய்தார், சதுப்பை வடித்தார், புதரை அழித்தார். நகரத்திலும் துறைமுகத்திலும் காய்ச்சல் விழுந்தது. பிறகு அந்த வேலை தோட்டங்களுக்கும் பரவியது. பட்டை காய்ச்சலைத் தணித்தது. வாய்க்கால் காய்ச்சலைத் தடுத்தது. இந்த ஒரு வரியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொக்கிப்புழு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் நிதியத்தின் குழு ஒன்று மலாயாத் தோட்டங்களில் இதை ஆராய்ந்தது. வெறுங்காலோடு நடப்பவரின் பாதத் தோல் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தைக் குடிக்கும் புழு இது. ரத்தம் வற்றினால் உடம்பில் தெம்பு ஏது? மூச்சு வாங்கும், கால் வீங்கும், கண் வெளுக்கும். இதற்கும் மூலிகை இருந்தது. நம் அடுப்படி ஓமத்திலிருந்து எடுக்கும் தைமால் என்னும் பொருளைத்தான் அன்று புழுவைக் கொல்லக் கொடுத்தார்கள். புழு செத்தது. ஆனால் லயத்தில் ஒழுங்கான கழிவறை இல்லாத இடத்தில் மறுபடியும் ஏறியது. கழிவறையும் காலணியும் வந்தபின்தான் அடங்கியது.

மூன்றாவது பாடம் கோலாலம்பூரில். கால் மரத்துப்போய், நடை தள்ளாடி, இதயம் நின்று சாகடிக்கும் பெரிபெரி நோய் அந்நாளில் ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. 1905இல் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசி. மறு பகுதியினருக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது, பலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர்களிடையே அது புதிதாகத் தலைகாட்டவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதும், அது பி1 வைட்டமின் என்பதும் பிற்பாடு விளங்கின. தமிழன் சாப்பிட்ட புழுங்கல் சோறு அவனை அந்த நோயிலிருந்து காத்தது! அந்த விடுதி நோயாளிகளைச் சம்மதம் கேட்டுச் சோதித்திருக்கமாட்டார்கள். அந்தக் கொடுமையையும் மறக்க வேண்டாம். அவர்கள் உயிர் கொடுத்துக் காட்டிய உண்மை இது: காலில் பலம் இல்லாத காரணம் காலில் இல்லை, தட்டில் இருந்தது.

இம்மூன்றிலும் ஒரே கதைதான். தொழிலாளி களைத்து விழுந்தான். முதலில் அவனைத் திட்டினார்கள். பிறகு தேடிப் பார்த்தால் களைப்புக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தை அகற்றியதும் களைப்பு அகன்றது. மருந்து வேர் துணை செய்தது. தீர்த்துவைத்தது வாய்க்காலும் கழிவறையும் சோறும்தான்.

இன்றைய சதுப்பு எது?

சரி, இன்று நம் உடம்பைத் தின்னும் சதுப்பு எது?

ஒன்று, நமக்கே தெரியாமல் உள்ளே இருக்கும் நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் மட்டும் 31.4 விழுக்காட்டினருக்கு! நம்மில் மூவருக்கு ஏறத்தாழ ஒருவர். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு ரத்தசோகை. சர்க்கரை ஏறினாலும் களைப்பு. ரத்தம் குறைந்தாலும் களைப்பு. அந்தக் களைப்புக்கு வேர் கலந்த காப்பித்தூள் வாங்குகிறார்கள். அதன் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்: பலவற்றில் முதலில் நிற்பது சீனி, அடுத்தது பால்மாவுக்குப் பதில் சேர்க்கும் கொழுப்புத்தூள், வேர் கடைசியில் ஒரு சிட்டிகை. நீரிழிவுக் களைப்புக்குச் சீனிக் காப்பி! ஆற்றில் முழுகுபவன் தலையில் கல்லை வைப்பது போல் இல்லையா இது?

நமக்குத் தெரிந்த ஒரு தோழர், பால்வெட்டில் முப்பது வருடம் நின்றவர், ஒன்றரை வருடம் இப்படி டப்பா டப்பாவாகக் குடித்தார். "குடித்தவுடன் தெம்பாக இருக்கிறது" என்று மற்றவருக்கும் சிபாரிசு செய்தார். காலில் முள் குத்திய புண் ஆறாமல் போனபோதுதான் ரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை எங்கோ போய் நின்றது. இரண்டு விரல் போயிற்று. அவர் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "அந்தக் காசில் நான் பஸ் ஏறிக் கிளினிக்குப் போயிருக்கலாம், தம்பி."

இரண்டு, வேலை நேரம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே இருட்டில் எழ வேண்டும். அது இயற்கை, அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மத்தியானம் பால் நிறுத்த பிறகும் புல் வெட்டு, உரம் போடு, ஆள் குறைவு என்று இழுப்பது இயற்கையா? ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட இடத்தில் குலை பொறுக்கும் கணக்கு ஏறிக்கொண்டே போவது இயற்கையா? கிராணி வீட்டுக்குப் போன பின்பும் இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் "நாளைய ஆள் கணக்கு அனுப்பு" என்று செய்தி வருவது இயற்கையா? உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழில் நிறுவனமும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவான பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டனர். வாரம் 35, 40 மணி நேரம் உழைப்பவரைவிட இவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம். இதற்கு எந்தக் காட்டில் வேர் இருக்கிறது?

மூன்று, கவலை. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், லயத்தைக் காலி செய் என்னும் நோட்டீஸ். தூக்கம் வராமல் புரள்பவனுக்கு அமுக்கரா ஒரு வேளை கண்ணை மூடச் செய்யலாம். கண்ணைத் திறந்தால் நோட்டீஸ் மேசை மேலேயே இருக்கும்!

டப்பாவுக்குள் இருக்கும் கள்ளன்

இன்னொரு மோசடியையும் அம்பலப்படுத்த வேண்டும். "சுத்த மூலிகை" என்று விற்கும் பொருள்களுக்குள் ஆங்கில மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடைச்சல் போக்கும் மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு. ஆண்மைக் காப்பியில் சில்டனாபில், டடாலாபில். "குடித்த அன்றே தெம்பு வந்தது" என்று ஒருவர் சொன்னால் நாம் மகிழவேண்டியதில்லை, சந்தேகப்பட வேண்டும். வேர் அன்றே வேலை செய்வதில்லை. கள்ளன்தான் அன்றே வேலை செய்வான்! ஸ்டீராய்டை நெடுநாள் உண்டால் முகம் ஊதும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். இதய மருந்து உண்பவர் சில்டனாபில் கலந்த காப்பியைக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பாரம்பரிய மருந்தும் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்னும் மூன்று எழுத்தும், எட்டு இலக்க எண்ணும், முடிவில் 'டி' என்னும் எழுத்தும் இருக்கும். பாதுகாப்பு முத்திரையும் ஒட்டியிருக்கும். இன்ன நோயைத் தீர்க்கும் என்று கண்டபடி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1956ஆம் ஆண்டிலேயே மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் அஞ்சடியில் ஒலிபெருக்கி ஓயவில்லையே, ஏன்? வாங்குவோர் வாய் திறக்காததால்! புகார் செய்ய வெட்கப்படுவதால்!

அவர்கள் லேகியம் கேட்கவில்லை

நம் முன்னோரின் களைப்பு நம்முடையதைவிடக் கொடியது. அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த மாபெரும் வேலைநிறுத்தம் நம் சரித்திரத்தின் தலைவாசல். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதனும் தோழர்களும் வைத்த கோரிக்கைகளில் என்ன இருந்தது? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். சரியான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு தொலைய வேண்டும்.

களைப்பை மறக்கக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது அன்றைய முதலாளித்துவம். கொடுத்த கூலியைச் சாயங்காலமே திரும்பப் பிடுங்கிக்கொண்டது. நம்மவர் அந்தக் கடையை மூடு என்றார்கள்; நேரத்தைக் குறை என்றார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் வந்தது, சிலாங்கூரில் அவசரகாலம் பிறப்பித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் மாண்டனர். அந்த ரத்தத்தின் வழியாக வந்ததுதான் நாம் இன்று அனுபவிக்கும் ஓய்வு நாளும் விடுப்பும். அன்று கள்ளு மொந்தை நின்ற இடத்தில் இன்று தெம்பு டப்பா நிற்கிறது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கேட்க வேண்டிய கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே அமுக்குகின்றன.

செய்ய வேண்டியது என்ன?

"அப்படியானால் வேரைத் தூக்கி எறியச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. வரிசையைத் திருத்தச் சொல்கிறோம்.

முதலில் ரத்தம் சோதியுங்கள். இரண்டு வாரம் தூங்கி எழுந்தும் தீராத களைப்பு ஒரு சேதி; அதைக் காப்பியால் அடக்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 40 வயதை எட்டிய சந்தாதாரருக்குச் சொக்சோ 2013 முதல் இலவச உடல் பரிசோதனைத் திட்டம் நடத்துகிறது. உங்கள் பணத்தில் நடப்பது அது, உரிமையோடு போங்கள்.

அடுத்து, சட்டம் தந்த ஓய்வை எடுங்கள். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48லிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வாரம் ஒரு முழு ஓய்வு நாள் உண்டு. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, இரண்டு வருடத்துக்குள் இருப்போருக்கு 14 நாள், ஐந்து வருடம்வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மருத்துவமனையில் படுத்தால் 60 நாள். "எம்.சி. எடுத்தால் முகம் சுளிப்பார்" என்று பயந்து காய்ச்சலோடு நிரைக்குப் போகாதீர்கள். முகம் சுளிப்பவர் பெயரைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். கிராணித் தோழர்களே, உங்களுக்கும் சொல்கிறோம்: மிகை நேரத்தைச் செக்ரோலில் உள்ளபடி எழுதுங்கள். அந்தப் பேனாவில் இருநூறு பேரின் தூக்கம் இருக்கிறது.

அதன் பிறகு மூலிகைக்கு வாருங்கள். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் நம் இந்திய மருத்துவத்தையும் ஏற்றிருக்கிறது. முறையாகப் பதிவு பெற்ற சித்த வைத்தியரைக் கேட்டு, நீங்கள் உண்ணும் மற்ற மருந்துகளைச் சொல்லி, அளவோடு உண்ணுங்கள். கிளினிக் டாக்டரிடமும் மறைக்காதீர்கள். லயத்துப் பின்கட்டில் மறுபடியும் துளசியும் வல்லாரையும் முளைக்கட்டும். பாட்டியின் கைமருந்துக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. 80 வெள்ளியும் தேவைப்பட்டதில்லை.

இன்று நம் நிரைக்குப் பக்கத்து நிரையில் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வெள்ளிக் கிளினிக் இல்லை; டப்பாக்காரர் அவர்களையும் விடுவதில்லை. அவர்கள் உடம்பும் உடம்புதான். அவர்கள் மலிவாகக் களைத்தால் நாமும் மலிவாகக் களைக்க வேண்டிவரும். அவர்களையும் சங்கத்துக்குள் அழையுங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். தொழிலாளருக்குத் "தெம்பு" குறைந்துவிட்டது என்று கூட்டங்களில் வருந்துகிறீர்கள். தெம்பு குறையவில்லை, ஐயா, நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்! ஆள் குறைவென்றால் கூலியை உயர்த்தி ஆள் சேருங்கள். இருக்கும் ஆளை இரட்டிப்பாக வாட்டாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனையைத் தோட்டத்திலேயே, வேலை நேரத்திலேயே நடத்துங்கள். நிரையில் குடிதண்ணீரும் நிழலும் வையுங்கள். உங்கள் பாட்டன்மார் காலத்தில் சதுப்பை வடிக்கச் செலவு அதிகம் என்று கை பிசைந்தவர்களும் உண்டு. வடித்த பிறகுதான் தோட்டமும் பிழைத்தது, துறைமுகமும் பிழைத்தது.

பாட்டாளித் தோழர்களே! களைப்புக்கு வேர் தேடி அலைந்தது போதும். களைப்பின் வேரைத் தேடுங்கள். அது காட்டில் இல்லை. செக்ரோலில் இருக்கிறது, வேலை நேரத்தில் இருக்கிறது, சோதித்துப் பார்க்காத ரத்தத்தில் இருக்கிறது. தனி ஆளாய் நின்றால் அதைப் பிடுங்க முடியாது. பலர் கூடிக் கை போட்டால் அது வராமல் போகாது.

அடுத்த மாதச் சம்பள நாளில் அந்த மடக்கு மேசையைத் தாண்டி நடந்து வாருங்கள். சங்கக் கிளைக் கூட்டம் அதே சாயங்காலம்தான்!